குல்டீகாவில் ஹாஸ்டலில் தங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாட்வியாவின் மேற்கில் குல்டீகா என்று ஒரு சின்ன ஊர். தலைநகர் ரீகாவில் படிக்க வந்து அங்கேயே வேலையில் ஒட்டிக்கொண்ட நான், இந்த ஊருக்கு நான்கைந்து தடவை போய் மலிவான ஹாஸ்டல்களில் தங்கியிருக்கிறேன். அப்புறம் ஜூனியர் பசங்கள், ஊரிலிருந்து வரும் நண்பர்கள், ஒருமுறை என் சித்தப்பா என்று எல்லாரும் ஒரே கேள்விகளைக் கேட்கத் தொடங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்ததைக் கீழே எழுதியிருக்கிறேன்.

ரீகாவில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் போய் வர முடியாதா? எதற்கு அங்கே ரூம்?

முடியும். ரீகாவிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். ரயில் கிடையாது. மத்தியச் சந்தையை ஒட்டிய பேருந்து நிலையத்திலிருந்து பஸ் பிடிக்க வேண்டும். வண்டியைப் பொறுத்து இரண்டரை முதல் மூன்றரை மணி நேரம். போக வரவே பகலில் பாதி கரைந்துவிடும்.

அதைவிட முக்கியம், இந்த ஊர் அழகாவது மாலையில்தான். வென்டா நதியின் குறுக்கே ஓர் அருவி இருக்கிறது. அகலம் 249 மீட்டர் என்பார்கள், ஐரோப்பாவிலேயே அகலமானது. உயரமோ ஓர் ஆள் உயரம், 2 மீட்டர் சுமார். ‘அருவி’ என்றதும் மேலிருந்து கொட்டுவதை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஒரு போட்டோ எடுத்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள். பஸ்ஸில் வந்த கூட்டம் கிளம்பிய பிறகு, 1874-இல் கட்டிய செங்கல் பாலத்தின் மேல் நின்று அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டால்தான் எதற்கு இவ்வளவு தூரம் வந்தோம் என்று புரியும். அதற்காகவாவது ஓர் இரவு தங்குங்கள்.

ஹாஸ்டல் என்றால் நம் காலேஜ் ஹாஸ்டல் மாதிரியா? மெஸ் உண்டா?

பெயர் மட்டும்தான் ஒன்று. வார்டன் இல்லை, மெஸ் இல்லை, மாணவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. என் சித்தப்பாவுக்கு வயது 58. அவரும்தான் தங்கினார். இங்கே வாடகை ஓர் அறைக்கு அல்ல, ஒரு கட்டிலுக்கு, ஓர் இரவுக்கு. நான் போன சமயங்களில் 18 முதல் 25 யூரோ வரை கொடுத்தேன். கோடை வார இறுதியில் கூடும். தனி அறையும் சில இடங்களில் கிடைக்கும். இரண்டு மூன்று பேராகப் போனால் தனி அறையின் கணக்கையும் போட்டுப் பாருங்கள், பல சமயம் பெரிய வித்தியாசம் இருக்காது.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ரீகாவில் இருப்பவை பெரிய ஹாஸ்டல்கள்: இருபத்து நான்கு மணி நேரமும் ஆள், கீழே பார், சுவரெல்லாம் பட விளம்பரம். குல்டீகா மாதிரி ஊரில் ஹாஸ்டல் என்பது பெரும்பாலும் ஒரு பழைய வீடு. வீட்டுக்காரர் வேறு எங்கோ இருப்பார். காவலுக்கு ஆள் இல்லாத வீட்டில் நாமே சாவி வைத்துக்கொண்டு இருப்பதைப் போலத்தான். வரும் சிக்கல்களில் பாதி, இதைப் புரிந்துகொள்ளாமல் லாட்ஜ் என்று நினைத்துக்கொண்டு போவதால் வருகிறது.

முன்பின் தெரியாதவர்களோடு ஒரே அறையில் படுக்க வேண்டுமா? பெண்கள் தனியாகப் போகலாமா?

டார்மிட்டரி எடுத்தால் ஆமாம். நான்கு முதல் எட்டுக் கட்டில்கள், அதிகமும் அடுக்குக் கட்டில்கள். ‘மிக்ஸ்டு’ என்று போட்டிருந்தால் ஆணும் பெண்ணும் ஒரே அறை. பெண்களுக்கு மட்டுமான அறை சின்ன ஊர்களில் எப்போதும் இருக்காது, முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

என்னுடன் படித்த தோழிகள் இருவர் தனித்தனியாகப் போய் வந்திருக்கிறார்கள். அறைக்குள் அவர்களுக்குத் தொந்தரவு எதுவும் இருக்கவில்லை. குளிர்காலத்தில் மாலை ஆறு மணிக்கே தெரு வெறிச்சோடிக் கிடந்ததுதான் அவர்களுக்குச் சற்று மிரட்சி. சுவர்ப்பக்கத்துக் கீழ்க் கட்டிலைக் கேட்டு வாங்குங்கள். லாக்கர் இருந்தால் பூட்டு இருக்காது, சின்னப் பூட்டு ஒன்று கொண்டு போவது நல்லது. பாஸ்போர்ட்டும் பணமும் தலையணைக்கடியில் இருக்கட்டும்.

ரிசப்ஷனில் யாருமே இல்லையாமே? உள்ளே எப்படிப் போவது?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகப் பேர் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். வாசல் கதவில் எண்களை அழுத்தித் திறக்கும் பலகை இருக்கும். வரும் நாளன்று குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ வாசல் குறியீட்டையும் உங்கள் கட்டில் எண்ணையும் அனுப்புவார்கள். சில இடங்களில் சாவியை ஒரு சின்னப் பெட்டியில் வைத்துப் பெட்டிக்குக் குறியீடு தருவார்கள். ‘கோட்ஸ்’ என்றால் குறியீடு, ‘அட்ஸ்லேகா’ என்றால் சாவி. இந்த இரண்டு லாட்வியச் சொற்கள் தெரிந்தால் செய்தி ஆங்கிலத்தில் வராவிட்டாலும் சமாளித்துவிடலாம்.

என் கதையைச் சொல்கிறேன். ஒரு பிப்ரவரி மாதம், மைனஸ் 9 டிகிரி. குறியீடு மின்னஞ்சலில் வந்திருக்கிறது, ஆனால் என் சிம்மில் டேட்டா தீர்ந்துவிட்டது. வாசலில் நின்று போனைப் பார்க்கிறேன், கதவைப் பார்க்கிறேன். மணியை அடித்தேன், உள்ளே யாருமில்லை, அன்று நான் ஒருவன்தான் விருந்தாளி. கடைசியில் பெட்டியை இழுத்துக்கொண்டு பெட்ரோல் பங்க் வரை நடந்தேன். அங்கே காபி வாங்கி, வைஃபை வாங்கி, நான்கு இலக்கத்தைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு திரும்பினேன். முழுக்க என் தப்புதான்.

அதனால் ரீகாவில் பஸ் ஏறுவதற்கு முன்பே குறியீட்டை வாங்கி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, காகிதத்திலும் எழுதுங்கள். குளிரில் போன் பேட்டரி திடீரென்று இறங்கிவிடும், ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்ப முடியாது. காலை பத்து மணி வரை குறியீடு வரவில்லை என்றால் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, சில வீட்டுக்காரர்கள் மறந்தே போவார்கள்.

என் பஸ் இரவில்தான் போய்ச் சேரும். பரவாயில்லையா?

குறியீடு கையில் இருந்தால் எத்தனை மணிக்குப் போனாலும் பரவாயில்லை. ஆள் வந்து சாவி தருகிற இடமென்றால், பஸ் வந்து சேரும் நேரத்தை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். ‘மாலையில் வருவேன்’ என்றால் அவர்கள் ஐந்து மணி என்று எடுத்துக்கொள்வார்கள்.

பேருந்து நிலையத்திலிருந்து பழைய ஊர் கால் மணி நேர நடை. பழைய தெருக்களில் கல் பாவியிருக்கிறது. சக்கரப் பெட்டியை இழுத்தால் ஊரையே எழுப்பிவிடுவீர்கள், முதுகுப் பையே மேல். சாப்பாட்டை ரீகாவிலேயே முடித்துவிடுங்கள் அல்லது கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் போய்ப் பசிக்கிறது என்றால் மறுபடி அந்தப் பெட்ரோல் பங்க்தான் கதி.

பாஸ்போர்ட் கேட்கிறார்கள், ஒரு படிவத்தில் கையெழுத்தும் கேட்கிறார்கள். ஏமாற்று வேலை இல்லையே?

இல்லை. தங்க வரும் வெளிநாட்டினர் பதிவுப் படிவம் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும் என்பது ஷெங்கன் நாடுகளின் (ஒரே விசாவில் போய் வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின்) விதி. நேரில் ஆள் இல்லாத இடங்களில் இதை இணையத்திலேயே நிரப்பச் சொல்வார்கள். லாட்வியக் குடியிருப்பு அட்டை வைத்திருப்பவர்கள் அதைக் காட்டினால் பொதுவாகப் போதும். காட்டலாம், எண்ணைக் குறித்துக்கொள்ள விடலாம். பாஸ்போர்ட்டையே வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்றால் மட்டும் மறுத்துவிடுங்கள்.

பெட்ஷீட், துண்டு, சோப்பு எல்லாம் தருவார்களா?

பெட்ஷீட் பெரும்பாலும் உண்டு, சில இடங்களில் அதற்குத் தனியாக இரண்டு மூன்று யூரோ. அதை மடித்துக் கட்டில் மேல் வைத்திருப்பார்கள், விரித்துக்கொள்வது நம் வேலை. துண்டையும் சோப்பையும் நீங்களே கொண்டு போங்கள். வீட்டுச் செருப்பு ஒரு ஜோடி அவசியம். லாட்வியர்கள் வீட்டுக்குள் காலணியோடு நடக்க மாட்டார்கள், ஹாஸ்டலிலும் வாசலில் கழற்றி வைக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நமக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

ஊரிலிருந்து நேராக வருகிறவர்களுக்கு: இரண்டு ஊசி போன் சார்ஜர் இங்கே பொருந்தும். மூன்று ஊசி லேப்டாப் சார்ஜருக்கு அடாப்டர் வேண்டும்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கழிப்பறையில் தண்ணீர் இருக்குமா?

இதைக் கேட்காதவர்களே கிடையாது. காகிதம்தான் இருக்கும். காலி தண்ணீர் பாட்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தரையில் வடிகால் இல்லாத இடத்தில் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், மரத் தளம் ஊறிக் கீழ் வீட்டுக் கூரையில் இறங்கும். குளியலறை பொதுவானது. காலை எட்டு மணிக்கு வரிசை நிற்கும், ஏழுக்கே போய்விடுங்கள். வெந்நீர்த் தொட்டி சின்னதாக இருந்தால் நாலாவது ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்தான்.

சமைக்கலாமா? நாங்கள் சைவம், வெளியே ஏதாவது கிடைக்குமா?

சமையலறை இல்லாத ஹாஸ்டலை நான் அங்கே பார்க்கவில்லை. அடுப்பு, பாத்திரம், தட்டு, குளிர்பெட்டி எல்லாம் இருக்கும். உங்கள் சாமான்மேல் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள், பெயர் இல்லாததைப் பொதுச் சொத்து என்று எடுத்துக்கொள்வார்கள். சூப்பர்மார்க்கெட்டில் அரிசி, சிவப்புப் பருப்பு, உருளைக்கிழங்கு, தயிர்போலப் புளித்த கெஃபீர் எல்லாம் கிடைக்கும். இந்திய மளிகைக் கடை என்று குல்டீகாவில் நான் எதையும் பார்த்ததில்லை. மஞ்சள், மிளகாய்ப் பொடி, கடுகு, பெருங்காயம் ஆகியவற்றை ரீகாவிலிருந்தே ஒரு டப்பாவில் கொண்டுபோவேன்.

இப்போது எச்சரிக்கை. லாட்வியாவில் 2020 ஜனவரி முதல் வீடுகளில்கூடப் புகை உணர்கருவி கட்டாயம். நம் தாளிப்பு அதற்கு ஆகாது. நானும் நண்பனும் ஒருமுறை காய்ந்த மிளகாயைப் போட்ட அடுத்த நிமிடம் கூரையிலிருந்து அலறல். மாடியிலிருந்து ஒரு ஜெர்மன் தம்பதி கம்பளியோடு இறங்கி வந்துவிட்டார்கள். பிறகு ரசம் கொடுத்துச் சமாதானம் செய்தோம், அந்த அம்மா இரண்டாவது கப்பும் கேட்டார். அதிலிருந்து சன்னல் திறந்து, சிறு தீயில், மிளகாயைக் கிள்ளாமல் முழுசாகப் போட்டுத் தாளிக்கிறேன். உணர்கருவியைத் துணியால் மூடுவது, பேட்டரியைக் கழற்றுவது ஆகிய வித்தைகளைச் செய்யாதீர்கள். பழைய ஊரில் நிறைய வீடுகள் மரத்தாலானவை, அங்கே தீ என்பது விளையாட்டு இல்லை.

வெளியே சாப்பிட்டால் ‘பெஸ் காலஸ்’ என்று கேளுங்கள், இறைச்சி இல்லாமல் என்று பொருள். பீராகி என்ற சின்ன பன்கள் பார்க்க அப்பாவியாக இருக்கும், உள்ளே பன்றிக்கொழுப்பு. அதற்குப் பதில் ஸ்க்லாண்ட்ரவுசிஸ் தேடுங்கள். கம்பு மாவுக் கிண்ணம் போல் இருக்கும் என்பார்கள் நம்மவர்கள், ஆனால் அது ரை மாவு. உள்ளே உருளைக்கிழங்கும் மேலே கேரட்டும் வைத்துச் சுட்ட லேசான இனிப்புப் பண்டம். இந்தக் கூர்லாந்து வட்டாரத்துக்கே உரியது, 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் பாரம்பரிய உணவாகப் பதிவு செய்தது. மாவில் வெண்ணெய், மேலே முட்டை சேர்ப்பார்கள், முட்டை சாப்பிடாதவர்கள் கேட்டுக்கொள்ளவும்.

குழாய்த் தண்ணீர் குடிக்கலாமா?

குடிக்கலாம். பாட்டில் வாங்கினால் தூக்கி எறியாதீர்கள். வைப்புத்தொகை முத்திரை உள்ள ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10 சென்ட் திரும்பக் கிடைக்கும், கடை வாசலில் இயந்திரம் இருக்கும்.

எந்த மாதம் போனால் நல்லது? டிசம்பர் லீவில் போகலாமா?

என் ஓட்டு ஏப்ரல் கடைசிக்கும் மே மாதத்துக்கும். விம்பா என்ற மீன் முட்டையிட ஆற்றில் மேல்நோக்கி வரும், அந்த அருவியைத் துள்ளித் தாண்டப் பார்க்கும். விழும், மறுபடி துள்ளும். கரையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பார்த்திருக்கிறேன். கட்டிலும் சுலபமாகக் கிடைக்கும். புல்லில் நடந்தால் முழுக் காலுறை போடுங்கள், இரவில் உடம்பைச் சோதியுங்கள். இங்குள்ள உண்ணிகள் மூளைக்காய்ச்சலைப் பரப்பக்கூடியவை. நீண்ட நாள் இருப்பவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்கிறார்கள்.

டிசம்பரில் சூரியன் காலை ஒன்பது மணிவாக்கில் வந்து நாலு மணிக்குள் போய்விடும். ஊரே உங்களுக்கு, ஹாஸ்டலும் உங்களுக்கு. ஆனால் அந்தத் தனிமை எல்லாருக்கும் ஒத்துவராது. அறையிலேயே அடைந்து கிடக்காமல் இருக்க நான் கண்ட வழி ஊர் நூலகம். 1875-இல் யூதர்களின் தொழுகைக்கூடமாகக் கட்டிய கட்டடம் அது. 1941-இல் ஊரின் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். போருக்குப் பின் அது சினிமாக் கொட்டகையாக இருந்தது, இப்போது நூலகம். கதகதப்பாக இருக்கும், யாரும் எழுப்பிவிட மாட்டார்கள். பழைய ஊர் 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு கோடையில் கூட்டம் கூடியிருக்கிறது, குளிர்காலத்தில் அப்படியேதான் கிடக்கிறது.

ஜூன் 23 அன்று ஏதோ விசேஷமாமே?

லீகோ இரவு, லாட்வியர்களுக்கு ஆண்டின் பெரிய பண்டிகை. ஓக் இலைக் கிரீடம், நெருப்பு, பாட்டு, சீமைச் சீரகம் போட்ட பாலாடைக்கட்டி, விடிய விடிய விழிப்பு. குல்டீகாவில் கூடுதலாக ஒன்று: அதிகாலை மூன்று மணிக்கு அந்தச் செங்கல் பாலத்தின்மேல் ஆடையில்லாமல் ஓடுவார்கள். ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நிற்காதீர்கள்.

கட்டில்கள் பல வாரங்களுக்கு முன்பே நிறைந்துவிடும், அமைதியான உறக்கத்தை மறந்துவிடுங்கள். 23, 24 இரண்டுமே அரசு விடுமுறை. கடை நேரமும் பஸ் நேரமும் மாறும், முன்பே பாருங்கள்.

பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விட்டால் யாரிடம் புகார் செய்வது?

யாரிடமும் இல்லை. மேலே சொன்னேனே, வீட்டுக்காரர் வேறு எங்கோ தூங்கிக்கொண்டிருப்பார். காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். குடித்துவிட்டு ரகளை, திருட்டு, பயமுறுத்தல் என்றால் அது வேறு. முதலில் வீட்டுக்காரரின் எண், பதில் இல்லையென்றால் அவசர எண் 112. அந்த எண்ணில் ஆங்கிலத்திலும் பேசலாம்.

ஷெங்கன் விசாவுக்கு ஹாஸ்டல் புக்கிங்கைக் காட்டினால் ஏற்பார்களா?

ஏற்பார்கள். நட்சத்திர ஹோட்டலாக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், முகவரி, தேதிகள் இருக்க வேண்டும். ஓர் இரவுகூட இடைவெளி விடாமல் எல்லா நாளுக்கும் தங்குமிடம் காட்ட வேண்டும். இரண்டு பேர் போகிறீர்கள், ஒருவர் பெயரில்தான் பதிவு என்றால் மற்றவர் பெயரையும் சேர்த்து உறுதிக்கடிதம் கேட்டு வாங்குங்கள். இதோடு குறைந்தது 30,000 யூரோ ஈடுசெய்யும் பயணக் காப்பீடும் வேண்டும். விசாக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. லாட்வியாவின் தூதரகம் புதுதில்லியில் இருக்கிறது.

விசா கிடைத்ததும் புக்கிங்கை ரத்து செய்துவிட்டு நண்பன் அறையில் தங்கிக்கொண்டால்?

திட்டம் மாறுவது குற்றமில்லை. ஆனால் எல்லையில் அதிகாரி ‘எங்கே தங்குகிறீர்கள்’ என்று கேட்கும்போது ரத்தான காகிதத்தை நீட்டினால் மாட்டிக்கொள்வீர்கள், திருப்பி அனுப்பவும் அவருக்கு அதிகாரம் உண்டு. மாறினால் புதிய தங்குமிடத்தின் சான்று கையில் இருக்கட்டும். விசாவுக்காகவே பொய்யாகப் பதிவு செய்வதை நான் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. ஆறு கட்டில் உள்ள வீட்டில் இரண்டு கட்டில் கடைசி நாளில் காலியானால் அந்த வாரக் கணக்கே அவர்களுக்கு உதைக்கும்.

ஹாஸ்டலில் கூட்டிப் பெருக்கிக் கொடுத்து இலவசமாகத் தங்கலாமா?

சுற்றுலா விசாவில் வேண்டாம். கூலி பணமாக வராமல் கட்டிலாக வந்தாலும் அதிகாரிகள் அதை வேலையாகப் பார்க்கலாம். மாணவர் அனுமதியில் இருப்பவர்களுக்கு வேலை நேர வரம்பு இருக்கிறது, உங்கள் பல்கலைக்கழக அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

காலையில் அறையைக் காலி செய்ய வேண்டும், பஸ் மாலையில். பையை என்ன செய்வது?

பதினொரு மணிக்குள் காலி செய்யச் சொல்வார்கள். பையை நடைக்கூடத்தில் வைத்துவிட்டுப் போகலாம், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் பகலிலேயே வாசல் குறியீட்டை மாற்றிவிடும் இடங்கள் உண்டு. வெளியே போகும் முன் ‘மாலை நான்கு மணிக்கும் இதே எண் வேலை செய்யுமா’ என்று கேளுங்கள். பெட்ஷீட்டை உருவிக் கூடையில் போடுங்கள், உங்கள் தட்டைக் கழுவி வையுங்கள், குளிர்பெட்டியில் மிஞ்சியதன் மேல் ‘இலவசம்’ என்று எழுதிவிடுங்கள்.

ஞாயிறு மாலை ரீகா பஸ்ஸில் மாணவர் கூட்டம் நெரியும், சீட்டை முந்தின நாளே வாங்குங்கள். ஒருமுறை வாங்காமல் விட்டு, அடுத்த வண்டிக்காக மூன்று மணி நேரம் அருவிக்கரையில் உட்கார்ந்திருந்தேன். மீன் துள்ளுகிற மாதம் என்பதால் பெரிய நஷ்டமில்லை.